கார்டு எண் உங்கள் சர்வருக்கு வரவே கூடாது: ஃப்ளட்டர் ஆப்பில் டோக்கன் முறை

ஆப்பில் கார்டு பேமென்ட் வைக்க வேண்டும் என்றதும் புதிதாக எழுதுகிறவர்கள் பலர் முதலில் செய்வது, நாலு டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டு கார்டு எண், தேதி, சிவிவி எல்லாம் வாங்கி சர்வருக்கு அனுப்புவதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒருமுறை ஒரு கிளையன்ட்டின் பழைய ஆப்பைப் பார்க்கச் சொன்னார்கள்; சர்வர் லாகைத் திறந்தால் வரிசையாக 16 இலக்க எண்கள், பக்கத்திலேயே சிவிவி. யாரும் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை, வருகிற ரிக்வெஸ்ட்டை எல்லாம் எழுதி வைக்கும் ஒரே ஒரு வரி கோட். பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

டோக்கன் இருப்பது இதற்காகத்தான். பயனர் அடிக்கும் எண் ஃபோனிலிருந்து நேராக பேமென்ட் கேட்வேக்கு, அதாவது பணப் பரிமாற்றத்தை நடத்தித் தரும் நிறுவனத்துக்கு, போய்விடும். அதற்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது ஓர் அடையாளக் குறி மட்டும். அந்தக் குறி யார் கையில் சிக்கினாலும் நம் சீக்ரெட் கீ (சர்வரில் மட்டும் இருக்கும் ரகசியச் சாவி) இல்லாமல் பணம் எடுக்க முடியாது. இந்தியாவில் இது சட்டமும்கூட: 2022 அக்டோபர் 1 முதல், கார்டு கொடுத்த வங்கியும் விசா, ரூபே மாதிரியான நெட்வொர்க்கும் தவிர வேறு யாரும் கார்டு விவரத்தைச் சேமித்து வைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடைசி 4 இலக்கத்தை வைத்துக்கொள்ளலாம்.

சரி, ஸ்ட்ரைப் என்ற பேமென்ட் கேட்வேயை வைத்துச் செய்து பார்ப்போம். ஆப் எழுத ஃப்ளட்டருக்குப் பதில் ரியாக்ட் நேட்டிவ்வைப் பயன்படுத்தினாலும் போக்கு இதேதான்.

1. டெஸ்ட் மோடில் இரண்டு கீ கிடைக்கும். பப்ளிஷபிள் கீ ஆப்புக்கு, சீக்ரெட் கீ சர்வருக்கு மட்டும். ஆண்ட்ராய்டு ஆப்பின் ஏபிகே ஃபைலைப் பிரித்துப் படிப்பது பெரிய வித்தை இல்லை, அதனால் சீக்ரெட் கீயை ஆப்பில் எந்த மூலையிலும் ஒளித்து வைக்காதீர்கள்.

2. ஆப்புக்கு வேண்டிய பேக்கேஜ்களைப் பட்டியலிடும் பப்ஸ்பெக் ஃபைலில் ஃப்ளட்டர் ஸ்ட்ரைப் பேக்கேஜைச் சேருங்கள். ஆண்ட்ராய்டில் மெயின் ஆக்டிவிட்டி, ஃப்ளட்டர் ஆக்டிவிட்டிக்குப் பதிலாக ஃப்ளட்டர் ஃப்ராக்மென்ட் ஆக்டிவிட்டியிலிருந்து வர வேண்டும். தீமும் ஆப்காம்பேட் வகையாக இருக்க வேண்டும். புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். மாற்றிய பிறகு ஹாட் ரீலோட் போதாது, ஆப்பை நிறுத்தி முழுதாக பில்ட் செய்யுங்கள்.

3. சர்வரில் ஒரு பேமென்ட் இன்டென்ட் (இவ்வளவு பணம் வாங்கப் போகிறோம் என்று ஸ்ட்ரைப்பில் போடும் பதிவு) உருவாக்குங்கள். தொகை பைசாவில் போகும், அதாவது 500 ரூபாய்க்கு 50000. அந்தத் தொகையை ஆப்பிலிருந்து வாங்கவே வாங்காதீர்கள். ஆப் ஆர்டர் எண்ணை மட்டும் அனுப்பட்டும், விலையை சர்வரே கணக்கிடட்டும், இல்லாவிட்டால் யாராவது 500-ஐ 5 ஆக்கி அனுப்பிவிடுவார்கள். திரும்பி வரும் கிளையன்ட் சீக்ரெட்டை, அதாவது அந்த ஒரு பேமென்ட்டுக்கான ரகசியக் குறியை, ஆப்புக்குக் கொடுங்கள். இது சீக்ரெட் கீ அல்ல.

4. ஆப்பில் அதை வைத்து பேமென்ட் ஷீட்டைத் தயார் செய்து, பிறகு திறந்து காட்டுங்கள். கார்டு எண் அடிக்கும் கட்டம் ஸ்ட்ரைப்புடையது, உங்கள் டார்ட் கோட் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. பயனர் பாதியில் மூடினால் எக்ஸப்ஷன் வரும். அதற்குச் சிவப்பில் 'பேமென்ட் தோல்வி' என்று காட்டி அவரைப் பயமுறுத்த வேண்டாம், பேசாமல் வாங்கும் பொருள்கள் இருக்கும் கூடைப் பக்கத்துக்குத் திரும்பினால் போதும்.

5. இப்போது சோதனை. 4242 4242 4242 4242 அடித்து, இனி வரப்போகும் ஏதாவது ஒரு தேதியும் ஏதாவது 3 இலக்கமும் கொடுத்தால் பணம் போகும். 4000 0000 0000 0002 மறுக்கப்படும். 4000 0027 6000 3184 போட்டால் வங்கியின் சரிபார்ப்புத் திரை வரும். நம் ஊரில் ஓடிபி இல்லாமல் ஆன்லைன் கார்டு பேமென்ட் அநேகமாக நடக்காது என்பதால் இந்த மூன்றாவதை விடவே கூடாது.

அப்புறம், ஆப் 'வெற்றி' என்று சொன்னதை நம்பி ஆர்டரை உறுதி செய்யாதீர்கள். ஓடிபி அடித்த கையோடு நெட் போய்விடலாம், ஆப் மூடிப் போகலாம். பேமென்ட் என்ன ஆனது என்று ஸ்ட்ரைப் நேராக உங்கள் சர்வருக்கு அனுப்பும் தகவலான வெப்ஹுக்கைக் கையொப்பம் சரிபார்த்து வாங்கி, அதன்படி ஆர்டரை மாற்றுங்கள். ஒரே வெப்ஹுக் இரண்டு முறைகூட வரும். அதனால் ஈவென்ட் ஐடியைச் சேமித்து வைத்து, ஏற்கெனவே வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.