தாலின் டோம் சர்ச்சுக்குப் போறவங்க பண்ற தப்புங்க (எல்லாம் நான் பண்ணதுதான்)

போன வாரம் எஸ்டோனியா தலைநகர் தாலின்ல, தோம்பேயா மேட்டு மேல நாலு பசங்க, வெங்காயக் குவிமாடம் வச்ச சர்ச் வாசல்ல நின்னு "டவர் ஏற டிக்கெட் எங்க"ன்னு கேட்டுட்டு இருந்தாங்க. அப்படியே என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு. நல்ல ஷூ போடு, தண்ணி எடுத்துக்கோன்னெல்லாம் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

தப்பான சர்ச்சுக்குள்ள போறது

மேல ஏறுனதும் பார்லிமென்ட்டுக்கு எதிர்ல பளபளன்னு நிக்கிறது அலெக்சாண்டர் நெவ்ஸ்கி, ரஷ்யாக்காரங்க ஆட்சில 1900ல கட்டி முடிச்ச ஆர்த்தடாக்ஸ் சர்ச். நாம தேடி வந்த லுத்தரன் (புராட்டஸ்டன்ட்) கதீட்ரல் அது இல்லங்க! ரெண்டு நிமிஷம் தள்ளி நடந்தா வெள்ளச் சுவரோட அமைதியா ஒண்ணு நிக்கும், அதான் டோம் சர்ச். 13ம் நூற்றாண்டுல டேனிஷ்காரங்க ஆரம்பிச்சது (ஆமா, 1620ல நம்ம தரங்கம்பாடிக்கு வந்தாங்களே, அவங்க முன்னோருங்கதான்), 1561ல லுத்தரன் ஆச்சு.

நான் முதல் தடவ ஹெல்சின்கில இருந்து ரெண்டு மணி நேரம் கப்பல்ல வந்து, நேரா நெவ்ஸ்கிக்குப் போயி, அங்க கோபுரத்துல தொங்குற பதினோரு மணிங்களும் அடிக்க ஆரம்பிச்சதும், அதுல பெருசு மட்டும் 16 டன் கிட்ட இருக்கும், நெஞ்சுக்கூடே அதிருது, "இதான் லுத்தரன் மணி"ன்னு பெருமையா எங்க பாஸ்டர் மாமாவுக்கு வீடியோ அனுப்பிட்டேன். கப்பல் கிளம்புனப்புறம் பதில் வருது: "ஏம்ப்பா, சிலுவைல மூணு குறுக்குச் சட்டம் இருக்கே, கண்ணு தெரியலயா?" திரும்பவும் கப்பல் டிக்கெட், திரும்பவும் ஒரு நாள் லீவு. இப்ப நெனச்சாலும் எரியுது. போர்டுல "தோம்கிரிக்"னு (Toomkirik, அவங்க மொழில டோம் சர்ச்) போட்டிருக்கான்னு பாத்துட்டு உள்ள போங்க.

உள்ள பாக்காம டவருக்கு ஓடுறது

டவர் 69 மீட்டர், 1770கள் கடைசில வச்ச, பரோக்னு சொல்ற அலங்கார பாணிக் கோபுரம். அது எங்கயும் ஓடிடாது. மொதல்ல உள்ள சுவரெல்லாம் தொங்குற மரக் குலச்சின்னங்களப் பாருங்க, ஒவ்வொண்ணும் செத்துப்போன ஒரு பிரபுவோடது, சிலது ஆளு உயரத்துக்கு மேல. 1684ல பெரிய தீ, உள்ள இருந்த மரச்சாமானெல்லாம் போச்சு, இப்ப நாம பாக்குற பிரசங்க மேடை அதுக்கப்புறம் ஆக்கர்மன்னு ஒரு சிற்பி செதுக்குனது. கப்பல்ல உலகத்தச் சுத்துன குரூசென்ஸ்டெர்ன் கல்லறையும் இங்கதான்.

வாசக்கல்லத் தாண்டிக் குதிக்கிறது

வாசல்ல தரையில இருக்குறது ஒரு கல்லறைக் கல்லு. கல்லறைய மிதிச்சா பாவம்னு நானும் குதிச்சேன். அது தூவேன்னு ஒரு ஜாலி மனுஷனோடது, எல்லாரும் தன்ன மிதிச்சுட்டுப் போகட்டும்னு அவரே கேட்டுக்கிட்டாராம். மிதிங்க.

முதுகுல பெரிய பேக்கோட டவர் படி ஏறுறது

ஏறாதீங்க. எதிர்ல இறங்குறவங்க பாவம்.

ஞாயித்துக்கிழமை காலைல போட்டோ எடுக்கப் போறது

ஆராதனை நடக்கும். உக்காந்து ஆர்கன் கேளுங்க, கேமராவ உள்ள வச்சிருங்க.