விமானப் பயிற்றுவிப்பாளர் வேலையில் சேர்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் கடற்கரையை ஒட்டிய வர்ஜீனியா விமான நிலையத்திலும், ஜோஹனஸ்பர்க் பக்கத்து லான்சேரியாவிலும் கிராண்ட் சென்ட்ரலிலும் விமானம் ஓட்டக் கற்கும் இளைஞர்களுள் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு போதும். ஆனால் பெரிய விமான நிறுவனங்களில் தலைமை விமானி ஆவதற்குத் தேவையான உரிமத்துக்கு 1,500 மணி வேண்டும். இடையில் உள்ள அந்த நெடுந்தொலைவைக் கடக்கப் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கும் வழி, பயிற்சிப் பள்ளியில் தொடக்கநிலையான மூன்றாம் நிலைப் பயிற்றுவிப்பாளராகச் சேர்வது. வீட்டை அடகு வைத்துப் படிக்க வைத்த பெற்றோருக்கு முதல் சம்பளம் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில், நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்தக் கையெழுத்தில்தான் தொடங்குகின்றன.

முதன்மையான தவறு, பதிவேட்டில் ஏறும் பறப்பு மணியையே ஊதியத்தின் ஒரு பகுதியாக எண்ணிக்கொள்வது. "சம்பளம் குறைவுதான், ஆனால் மணி கிடைக்கும்" என்று பள்ளிகள் சொல்வதும், அதைப் பயிற்றுவிப்பாளர்களே தங்களுக்குள் திருப்பிச் சொல்லிக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. மணி வேலையின் விளைவு. அது கூலி ஆகாது. அறுவை மருத்துவர் செய்யும் ஒவ்வோர் அறுவையிலும் அவருக்கு அனுபவம் கூடுகிறது என்பதற்காக அவர் சம்பளத்தை யாரும் குறைப்பதில்லை. மேலும், இருவர் பறக்கும் பயிற்சிப் பறப்பில் சட்டப்படி விமானத்தின் பொறுப்பு பயிற்றுவிப்பாளருடையது. மாணவர் தவறு செய்தாலும் விசாரணையில் முதலில் நிற்பது பயிற்றுவிப்பாளரின் உரிமம்தான். இந்த அளவு பொறுப்பைச் சுமப்பவர் அதற்குரிய ஊதியத்தைக் கேட்பதில் தயங்க வேண்டியதில்லை.

பல பள்ளிகள் ஹாப்ஸ் மீட்டர் ஓடும் நேரத்துக்கு மட்டுமே பணம் தருகின்றன. எஞ்சின் இயங்கும்போது கணக்கு ஏறுகிறது, நின்றால் நின்றுவிடுகிறது. பயிற்றுவிப்பாளரின் நாளோ காலை ஆறரைக்கு வானிலை அறிக்கை பார்ப்பதில் தொடங்கி, விமானத்தைச் சுற்றி வந்து பரிசோதித்து, மாணவருக்கு முன்விளக்கம் தந்து, பறந்து, இறங்கி, பின்விளக்கம் தந்து, பயிற்சிப் பதிவை எழுதி முடிப்பது வரை நீள்கிறது. நடுவே மேகம் கலையட்டும் என்று மணிக்கணக்கில் காத்திருப்பதும் உண்டு. பள்ளியின் உத்தரவின்பேரில் அங்கேயே இருக்கும் வரை அதுவும் வேலை நேரமே.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்பது நல்லது. தேசியக் குறைந்தபட்ச ஊதியம் 1 மார்ச் 2025 முதல் மணிக்கு 28.79 ராண்ட் என்று இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சில் அது திருத்தப்படுகிறது. அந்த விகிதத்தில் வாரம் 45 மணி நேரத்துக்கு 1,295.55 ராண்ட் ஆகிறது. ஒரு பேச்சுக்குப் பறப்பு மணிக்கு 200 ராண்ட் தரும் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். கடலோர மழை விடாத ஒரு வாரத்தில் பள்ளியிலேயே 45 மணி நேரம் இருந்து 6 மணி நேரம் மட்டுமே பறக்க முடிந்தால் கிடைப்பது 1,200 ராண்ட். வணிக விமானி உரிமம் பெற்ற ஒருவர் அந்த வாரம் நாட்டின் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்திருக்கிறார். 2018ஆம் ஆண்டின் தேசியக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், பணத்துக்காகப் பிறருக்கு வேலை செய்யும் எவரையும் தொழிலாளர் என்றே வரையறுக்கிறது. ஒப்பந்தத்தில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் சரி. தொழிலாளர் சட்டத்தின் ஆண்டு வருமான வரம்புக்குக் கீழே இருப்பவர் ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்தாலும் அந்த நாளுக்கு நான்கு மணி நேர ஊதியம் தர வேண்டும் என்ற விதியும் உண்டு. காலையில் வரச் சொல்லிவிட்டு, மூடுபனி என்று வெறுங்கையோடு திருப்பி அனுப்பும் வழக்கத்துக்கு இதுவே பதில்.

ஆகவே சேரும் முன்பே கேட்க வேண்டியது, பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதந்தோறும் நிலையாக வரும் தொகை எவ்வளவு என்பது. முன்விளக்கம், பின்விளக்கம், தரை வகுப்பு, சிமுலேட்டர் நேரம் ஆகியவற்றுக்குத் தனி விகிதம் உண்டா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்புவது பண்புதான், ஆனால் தலைமைப் பயிற்றுவிப்பாளர் மாறிவிட்டால் அந்தச் சொல்லும் அவரோடு போய்விடும்.

"சுயேச்சை ஒப்பந்ததாரர்" என்ற பெயரை ஏற்பதில் நடக்கும் தவறு இன்னும் ஆழமானது. அப்படிக் கையெழுத்திட்டால் ஆண்டு விடுமுறை இல்லை, நோய் விடுப்பு இல்லை, வேலையின்மைக் காப்பு நிதிக்குச் செலுத்த வேண்டிய பங்கு இல்லை, பணியிட விபத்துக்கான இழப்பீட்டுச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை என்று பள்ளி சொல்லும். ஆனால் தென்னாப்பிரிக்கச் சட்டம் தாளில் உள்ள பெயரைக் காட்டிலும் வேலையின் உண்மை நிலையையே பார்க்கிறது. 1995ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தில் 200அ என்ற பிரிவு ஏழு அடையாளங்களைச் சொல்கிறது. வேலை செய்யும் முறை மற்றவரின் கட்டுப்பாட்டில் இருப்பது, வேலை நேரத்தை அவர் தீர்மானிப்பது, அவருடைய அமைப்பின் ஓர் அங்கமாக இருப்பது, கடைசி மூன்று மாதங்களில் சராசரியாக மாதம் 40 மணி நேரமாவது அவருக்காக உழைத்திருப்பது, பொருளாதாரத்தில் அவரையே சார்ந்திருப்பது, வேலைக் கருவிகளை அவர் தருவது, அவர் ஒருவருக்கு மட்டுமே வேலை செய்வது ஆகியவை அவை. இவற்றுள் ஒன்று பொருந்தினாலும், மறுத்து நிரூபிக்கப்படும் வரை அவர் ஊழியர் என்றே கொள்ளப்படுவார். பள்ளியின் சீருடை அணிந்து, பள்ளி போட்ட அட்டவணைப்படி, பள்ளியின் செஸ்னா விமானத்தில், பள்ளியின் மாணவருக்குக் கற்பிப்பவருக்கு இவற்றுள் எத்தனை பொருந்தும் என்று அவரே எண்ணிப் பார்க்கலாம். இந்த அனுமானம் வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு உரியது. 1 ஏப்ரல் 2025இல் அந்த வரம்பு ஆண்டுக்கு 2,61,748.45 ராண்ட் என்று வைக்கப்பட்டது. வரம்பைத் தாண்டியவர் ஊழியர் என்று வாதிட முடியாது என்பதல்ல. மெய்ப்பிக்கும் சுமை அவர் பக்கம் வருகிறது, அவ்வளவே.

களைப்பைப் பற்றி எழுதும்போது எனக்குக் கவலை அதிகம். ஏனென்றால் இங்கே தவறு நேர்ந்தால் போவது சம்பளம் மட்டுமல்ல. ஒப்பிட்டுப் பார்க்க, அமெரிக்க விதிப்படி ஒரு பயிற்றுவிப்பாளர் எந்த 24 மணி நேரத்திலும் 8 மணி நேரத்துக்கு மேல் பறந்து கற்பிக்கக் கூடாது. எட்டு என்பது உச்சவரம்பு. அது ஒவ்வொரு நாளும் எட்ட வேண்டிய இலக்காகாது. பிப்ரவரி மாத டர்பன் வெயிலில், குளிர்சாதனம் இல்லாத சிறு விமானத்தில், புதிய மாணவருடன் இறங்குவதும் ஏறுவதுமாக ஐந்து மணி நேரம் சுற்றி வந்தவரின் கை, ஆறாவது மணியில் காலையில் இருந்த வேகத்தில் நெம்புகோலைப் பிடிக்காது. மாணவர் தரையை நெருங்கும்போது விமானத்தின் மூக்கை அதிகமாகத் தூக்கினால், திருத்துவதற்குக் கிடைப்பது ஓரிரு விநாடிகளே. ஜோஹனஸ்பர்க் பக்கத்து உயர்நிலத்துப் பள்ளிகளிலோ கோடை மாலைகளில் இடிமழை திரள்வதற்குள் அட்டவணையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் சேர்ந்துகொள்கிறது.

1997ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு அடிப்படை நிபந்தனைகள் சட்டம், வருமான வரம்புக்கு உட்பட்ட ஊழியருக்கு வாரம் 45 மணி நேரம், ஒப்புதலோடு கூடுதலாக 10 மணி நேரம், ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் இடையே 12 மணி நேர ஓய்வு, வாரத்துக்கு ஒருமுறை தொடர்ச்சியாக 36 மணி நேர ஓய்வு என்று வகுத்திருக்கிறது. இரவுப் பறப்புப் பயிற்சி முடிந்து இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பியவரை மறுநாள் காலை ஆறரைக்கு அழைப்பது இதற்கு முரணானது. அப்படி அழைக்கும்போது மாணவரின் தேர்வு நெருங்குகிறதே என்று இரக்கப்பட்டு ஒப்புக்கொள்வதும், வார இறுதியில் வேறிடத்தில் வாடகை விமானம் ஓட்டிவிட்டு அதைப் பள்ளியிடம் சொல்லாமல் இருப்பதும் ஒரே வகைத் தவறுகள். உடம்பு எந்த முதலாளிக்காக உழைத்தது என்று பார்த்துக் களைப்பு வருவதில்லை.

பறப்பு மணிக்கு மட்டும் கூலி என்ற முறை இங்கேயும் தன் வேலையைக் காட்டுகிறது. சளி பிடித்து மூக்கடைத்திருக்கும்போது மேலே போனால் இறங்கும் வேளையில் காதுக்குள் அழுத்தம் சமமாகாமல் செவிப்பறை பாதிக்கப்படலாம் என்பது ஒவ்வொரு பயிற்றுவிப்பாளரும் தம் மாணவருக்குச் சொல்லும் பாடம். ஆனால் பறக்காத நாளுக்குப் பணம் இல்லை என்றால் அவரே மாத்திரை விழுங்கிவிட்டு ஏறுகிறார். மேகத்தளம் தாழ்ந்திருக்கும் காலையில் "ஒரு சுற்று பார்த்துவிட்டு வரலாம்" என்று தோன்றுவதற்கும் இதே காரணம். வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்யும் ஊழியருக்கு மூன்றாண்டுச் சுழற்சியில் 30 நாள் ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பு உண்டு. அதை எடுப்பவர் சோம்பேறி அல்லர். அவரிடம் கற்கும் பிள்ளைகளின் பெற்றோர் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

விமானத்துக்குச் சேதம் ஏற்படும்போது பயந்துபோய் எதையாவது எழுதிக் கொடுத்துவிடுவது அடுத்த தவறு. மாணவர் கடினமாக இறக்கிச் சக்கரத்தை வெடிக்கச் செய்தாலும், ஓடுபாதை ஓரத்தில் சுழலி தரையில் உரசினாலும், காப்புறுதி நிறுவனம் ஏற்காத முதல் தொகையைப் பயிற்றுவிப்பாளரின் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கக்கூடும். அதே 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, அப்படிப் பிடிப்பதற்கு ஊழியரின் தவறு காரணமாக இருக்க வேண்டும். நியாயமான விசாரணை நடத்தி அவர் விளக்கம் தர வாய்ப்பளித்திருக்க வேண்டும். குறிப்பிட்ட கடனுக்காக எழுத்தில் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். தொகை உண்மையான இழப்பை மிஞ்சக் கூடாது. பிடித்தம் பண ஊதியத்தில் நாலில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. விபத்து நடந்த அன்றே, கை நடுங்கிக்கொண்டிருக்கும்போதே நீட்டப்படும் ஒப்புதல் தாளில் கையெழுத்திடாமல், நடந்ததை நடந்தபடி எழுதித் தேதியிட்டு ஒரு படியைத் தம்மிடம் வைத்துக்கொள்வதே முறை.

வேலை தருவதற்கோ, மாணவர்களை ஒதுக்கித் தருவதற்கோ பணம் கேட்பதை அச்சட்டத்தின் 33அ பிரிவு தடை செய்கிறது. பள்ளியிடமே பயிற்றுவிப்பாளர் தகுதிப் பயிற்சியை விலைக்கு வாங்கினால்தான் வேலை என்ற நிபந்தனை வந்தால், கையெழுத்திடும் முன் தொழிலாளர் சட்டம் அறிந்த ஒருவரிடம் காட்டுவது கட்டாயம். பள்ளியே செலவு செய்து பயிற்சி தந்து, இத்தனை காலம் வேலை செய்ய வேண்டும் என்று கட்டுப்படுத்துவது வேறு விஷயம். அதில் மாதம் செல்லச் செல்லத் திருப்பித் தர வேண்டிய தொகை குறைந்துகொண்டே வர வேண்டும். பள்ளியே வேலையை விட்டு நீக்கினால் கடன் ரத்தாகும் என்றும் எழுதியிருக்க வேண்டும்.

மூன்றாம் நிலைப் பயிற்றுவிப்பாளர், உயர்நிலைப் பயிற்றுவிப்பாளரின் மேற்பார்வையில்தான் கற்பிக்கலாம். மேற்பார்வையாளர் பெயரளவில் மட்டும் இருந்து, வேறு ஊரில் வேறு வேலை பார்க்கும் பள்ளியில் சேர்வது, முதல் ஆண்டில் கற்றுக்கொள்ள வேண்டியதை இழப்பதாகும். சேரும் முன் ஒரு நாள் முழுதும் அங்கே உட்கார்ந்து, யார் மாணவரின் முன்னேற்றத்தைப் பார்க்கிறார், யார் பறப்புக்கு அனுமதி தருகிறார் என்று கவனித்தாலே விளங்கிவிடும். அப்போதே விமானங்களின் குறைப் பதிவேட்டையும் காட்டச் சொல்லிக் கேட்கலாம். ஒரு குறைகூட எழுதப்படாத பதிவேடு நல்ல அறிகுறி அல்ல. குறைகள் வாயால் சொல்லப்பட்டு வாயோடு மறைகின்றன என்பதே பெரும்பாலும் அதன் பொருள். பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் பொறியாளரிடம் சொன்னால் மட்டும் போதாது, எழுத வேண்டும். எழுதியதற்காகப் பள்ளி பழிவாங்கினால், 2000ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வெளிப்படுத்தல்கள் சட்டம் துணைக்கு வரும். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அது ஒப்பந்ததாரர்களையும் உள்ளடக்குகிறது.

பெண் பயிற்றுவிப்பாளர்கள் ஒப்பந்தத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கருவுற்ற காலத்தில் மருத்துவச் சான்றின் கட்டுப்பாடுகளால் பறப்பது குறையும் அல்லது நிற்கும். பறப்பு மணிக்கு மட்டும் கூலி என்றால் வருமானமும் அதே நாளில் நிற்கும். தரை வகுப்பும் சிமுலேட்டரும் அவருக்கு இயல்பான மாற்று வேலைகள். அவற்றை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குவதும், வேலையின்மைக் காப்பு நிதிக்கு ஊழியர் பங்கு 1 விழுக்காடும் பள்ளியின் பங்கு 1 விழுக்காடும் மாதந்தோறும் போகின்றனவா என்று சம்பளச் சீட்டில் பார்ப்பதும் அவசியம். மகப்பேற்று உதவித்தொகை அந்த நிதியிலிருந்தே வருகிறது.

விடுமுறைகளில் நம்மவர்க்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தீபாவளியும் தைப்பூசக் காவடியும் இந்நாட்டில் பொது விடுமுறை அல்ல. ஆண்டு விடுமுறையிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதால், அட்டவணை போடுவதற்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். பெரிய வெள்ளி பொது விடுமுறை. அன்றுதான் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலிலும் கூட்டம் அலைமோதும். பள்ளிக்கோ அது மாணவர்கள் திரளும் நாள். பொது விடுமுறையில் ஒப்பந்தம் இல்லாமல் வேலைக்கு அழைக்க முடியாது. அழைத்தால் இரட்டிப்பு ஊதியம்.

வேலையை விட்டு வெளியேறும்போது தம் பறப்புப் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கமும் பள்ளியின் பதிவுகளோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துக் கையொப்பம் வாங்கிய பிறகே கடைசி நாளை முடிக்க வேண்டும். மனக்கசப்போடு பிரிந்த பின் அந்தக் கையொப்பத்துக்கு மாதக்கணக்கில் அலைய நேரும். பள்ளியே நீக்கினால், சமரச நடுவர் ஆணையமான சிசிஎம்ஏவில் 30 நாட்களுக்குள் முறையிட வேண்டும். நியாயமற்ற தொழில் நடத்தை பற்றிய புகாருக்கு 90 நாட்கள். முறையிடுவதற்குக் கட்டணம் இல்லை. ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், பள்ளி அனுப்பிய அட்டவணைகள், வந்த நேரமும் போன நேரமும் தாமே குறித்து வைத்த நாட்குறிப்பு ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். நாட்குறிப்பை வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே எழுதி வர வேண்டும்.