அரியரோடு நிற்கும் பொறியியல் மாணவர் என்ன செய்யலாம்

ஐந்தாம் பருவத் தேர்வு முடிவு வந்த மறுநாள் காலையில் என் அறை வாசலில் வந்து நின்ற மாணவர் ஒருவரிடம், மொத்தம் எத்தனை அரியர், அதாவது தேறாமல் நிற்கும் தாள்கள், என்று கேட்டேன். "நிறைய இருக்கு சார்" என்றார். எண்ணிக்கை எவ்வளவு என்று மறுபடியும் கேட்டதற்கு, "எட்டோ ஒன்பதோ இருக்கும்" என்றார். கைப்பேசியில் ஒவ்வொரு பருவமாகத் திறந்து வெள்ளைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது ஆறுதான் இருந்தன. இரண்டாம் பருவத்துத் தாள் ஒன்று மறுமதிப்பீட்டில் தேறியிருந்ததைக்கூட அவர் பார்த்திருக்கவில்லை.

சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திய ஆண்டுகளில் இத்தகைய மாணவர்களை ஒவ்வொரு முடிவுக்குப் பின்னும் கண்டிருக்கிறேன். பட்டம் கிடைக்குமா என்ற கேள்வியும், கிடைத்தாலும் வேலை கிடைக்குமா என்ற கேள்வியும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், இரண்டில் எதற்கும் விடை தேட முடியாமல் அவர்கள் திகைத்து நிற்கிறார்கள். ஆகவே பட்டத்தின் கணக்கை முதலிலும் வேலையின் கணக்கைப் பிறகும் தனித்தனியாகப் பார்ப்போம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். தன்னாட்சிக் கல்லூரி மாணவர்கள் தங்கள் கல்லூரியின் விதிமுறைகளோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

காகிதத்தில் கணக்கு

ஒரு காகிதத்தில் கோடு போட்டு, நிற்கும் ஒவ்வொரு தாளுக்கும் பாடக் குறியீடு, பருவம், அக மதிப்பெண் (பருவத்தின்போது கல்லூரி தருவது), கடைசியாக எழுதிய தேர்வில் பெற்றது, இதுவரை எத்தனை முறை எழுதியாகிவிட்டது ஆகியவற்றை எழுதுங்கள். கடைசிக் கட்டத்தில், அடுத்த முறை எவ்வளவு எடுத்தால் தேறலாம் என்பதை எழுத வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் போடாமல் விடும் கணக்கு இதுதான்.

2021 விதிமுறைப்படி எழுத்துத் தாளுக்கு அக மதிப்பெண் 40, பருவத் தேர்வுக்கு 60. தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு நடந்து 60-க்குக் குறைக்கப்படுகிறது. தேறுவதற்கு இரண்டு நிபந்தனைகள்: தேர்வில் மட்டும் 45 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும். அக மதிப்பெண் 30 வைத்திருக்கும் மாணவர், நூற்றுக்கு 45 எடுத்தாலே தேறிவிடுவார். அக மதிப்பெண் 18 மட்டுமே வைத்திருப்பவருக்கு அதே தாளில் 54 தேவைப்படும். ஒரே வகுப்பில் ஒரே தாளை எழுதும் இருவருக்கும் இலக்கு வேறு என்பது இப்போது தெரிகிறது அல்லவா? பலமுறை முயன்றவர்களுக்கு அக மதிப்பெண்ணைத் தள்ளிவிட்டு எழுத்துத் தேர்வை மட்டும் பார்க்கும் பிரிவும் பழைய விதிமுறைகளில் இருந்தது. உங்களுக்கு அது பொருந்துமா என்பதைக் கல்லூரித் தேர்வுப் பிரிவில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வினாத்தாளின் அமைப்பும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். வழக்கமான எழுத்துத் தாளில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10, பதின்மூன்று மதிப்பெண் வினாக்கள் 5, பதினைந்து மதிப்பெண் வினா 1. ஐந்து அலகுகளில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பதின்மூன்று மதிப்பெண் வினா, 'இது அல்லது அது' என்ற தெரிவோடு வரும். மூன்று அலகுகளை நன்றாகப் படித்தவர் அவற்றின் பெரிய வினாக்களில் 39-க்கு 30 எடுப்பார் என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து அலகுகளின் சிறு வினாக்களிலிருந்து 16 சேர்த்தால் 46 வந்துவிடும். அக மதிப்பெண் 30 வைத்திருப்பவருக்கு இது போதும். 18 வைத்திருப்பவருக்கு நான்காவது அலகும் தேவை. எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்று தொடங்கி முதல் அலகிலேயே களைத்துப்போவதைவிட, இப்படி அளந்து படிப்பது பலன் தரும். இதை நான் சொன்னபோது, குறுக்குவழி கற்றுத் தருவதாகச் சக ஆசிரியர் ஒருவர் கடிந்துகொண்டார். தண்ணீரில் தத்தளிப்பவனிடம் நீச்சல் பற்றிப் பேச நேரமில்லை, முதலில் கரையேற்றுவோம் என்றே நான் பதில் சொன்னேன்.

எத்தனை வாய்ப்புகள் மிச்சமிருக்கின்றன என்பதையும் காகிதத்தின் ஓரத்தில் எழுதுங்கள். எட்டுப் பருவப் படிப்பை முடிக்க அதிகபட்சம் 14 பருவங்கள், அதாவது ஏழு ஆண்டுகள் தரப்படுகின்றன. டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களுக்கு 12 பருவங்கள். ஏப்ரல்-மே, நவம்பர்-டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு தேர்வுகள். காலக்கெடு கடந்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அளித்திருக்கிறது என்றாலும், அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. 2020-இல் கொரோனாவைக் காரணம் காட்டி, கட்டணம் கட்டியிருந்தாலே அரியர் தேர்ச்சி என்று அரசு அறிவித்தபோது ஊரெங்கும் நன்றிச் சுவரொட்டிகள் முளைத்தன. பிறகு வழக்கு உயர் நீதிமன்றம் போய், தேர்வு எழுதாமல் தேர்ச்சி கிடையாது என்றானது. அந்த நினைவு இன்னும் பல மாணவர்களிடம் ஒரு நப்பாசையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கே வழுக்குகிறது

முடிவு வந்த சில நாள்களுக்குள் விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் கூடுமா என்று பார்ப்பதற்கு மட்டுமே மாணவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதைவிடப் பெரிய பயன், தோற்ற காரணம் அதில் எழுதியிருக்கும் என்பதுதான். ஒரு மாணவியின் நகலை நானும் அவரும் சேர்ந்து பார்த்தோம். முதல் பெரிய வினாவுக்கு ஐந்தரைப் பக்கம், அடுத்ததற்கு நான்கு பக்கம், கடைசி இரண்டு வினாக்களுக்கு எண் மட்டும். பாடம் அவருக்குத் தெரிந்திருந்தது, நேரம்தான் தெரியவில்லை. மூன்று மணி நேரத்தை 100 மதிப்பெண்ணுக்குப் பங்கிட்டால் பதின்மூன்று மதிப்பெண் வினாவுக்கு 23 நிமிடம் வரும். அடுத்த பருவத்துக்கு முன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடிகாரத்தை எதிரில் வைத்துப் பழைய வினாத்தாளை எழுதும்படி அவரிடம் சொன்னேன். புதிதாக எதையும் படிக்காமலேயே அந்தத் தாளில் தேறினார்.

கணிதத்தில் சிக்கல் வேறு விதமானது. மூன்றாம் பருவக் கணிதத்தில் ஃபூரியர் தொடர் வரும்போது பலர் அது புரியவில்லை என்பார்கள். உட்கார வைத்து ஒரு கணக்கைப் போடச் சொன்னால், தொடரின் சூத்திரத்தைச் சரியாகவே எழுதுவார்கள். எக்ஸ்-ஐ கொசைனோடு பெருக்கித் தொகையிடும் இடத்தில் பேனா நின்றுவிடும். அது பதினொன்றாம் வகுப்புப் பாடம். பகுதித் தொகையிடலையும் பெர்னோலி சூத்திரத்தையும் அரசுப் பாடநூலிலிருந்து நான்கு மாலைகள் போட்டுப் பார்த்துவிட்டு வந்தால், அந்த அலகின் பாதிச் சுமை இறங்கிவிடும். பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள் தமிழ்ப் பாடநூலையும் ஆங்கிலப் பாடநூலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் படிக்கலாம். கலைச்சொல் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டால், வகுப்பில் அந்நியமாக ஒலித்த பல, முன்பே தெரிந்தவைதான் என்று விளங்கும். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை விடுதியில் விரிக்க வெட்கமாக இருக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு. மேலுறை போட்டுக்கொள்ளலாம்.

பாடத்துக்கு வெளியேயும் காரணம் இருக்கக்கூடும். தந்தையின் நோய், வீட்டுக் கடன், இரவு வேலை, எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் அறையிலேயே கிடப்பது ஆகியவற்றுக்குக் கால அட்டவணை மருந்தாகாது. உடல்நலக் காரணத்தால் வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே போயிருந்தால், சான்றுகளோடு துறைத் தலைவரைப் பார்க்க வேண்டும்; ஓரளவு விலக்கு அளிக்க விதியில் இடமுண்டு. முறையாக விண்ணப்பித்துப் படிப்பில் இடைவெளி எடுக்கவும் வழியிருக்கிறது, ஆனால் அந்த இடைவெளியும் ஏழாண்டுக் கணக்குக்குள்தான் வரும். தூக்கமும் உணவும் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், அரியரை ஒதுக்கிவைத்துவிட்டு அன்றைக்கே 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையோ தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணையோ அழையுங்கள்; இரண்டிலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

விட்டுவிடலாமா என்ற கேள்வி

முடிவு வந்த வாரத்தில் இந்தக் கேள்வியை எடுக்கவே கூடாது. எடுக்கும்போது என் கருத்து இது: முதலாண்டிலேயே இந்தப் படிப்பு தனக்கானது அன்று என்று தெளிவாகத் தெரிந்தால், கலை அறிவியல் கல்லூரிக்கு மாறுவதில் இழிவு ஏதும் இல்லை, ஓர் ஆண்டுதான் போகும். ஐந்தாம் பருவத்தைத் தாண்டியவர்கள், பிடிக்காவிட்டாலும் முடித்துவிடுவதே நல்லது. பொறியியல் பட்டம் பெற்றவர் பொறியாளராகத்தான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எம்.சி.ஏ., எம்.பி.ஏ., மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, குடிமைப் பணித் தேர்வு என எல்லாவற்றுக்கும் பொறியியல் பட்டமும் செல்லும்.

2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரே காலத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க அனுமதி அளித்தது. எனவே பொறியியல் எப்போது முடியும் என்று உறுதியில்லாதவர்கள், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ ஒரு பட்டப்படிப்பைத் தொலைநிலையில் இணையாகத் தொடங்கலாம். அந்தப் படிப்புக்கு மானியக் குழுவின் ஏற்பு இருக்கிறதா என்பதைச் சேரும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலையின் கணக்கு

நிறுவனங்கள் கேட்கும் இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 'ஸ்டேண்டிங் அரியர்' என்பது இன்னும் தேறாத தாள். 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்' என்பது ஒருமுறை தோற்றுப் பின் தேறியது. வளாகத் தேர்வுக்கு வரும் பல நிறுவனங்கள் முதலாவதை ஏற்பதில்லை. இரண்டாவதைக் கண்டுகொள்ளாதவை நிறையவே உண்டு. ஆகவே, ஏழாம் பருவத்துக்குள் எல்லாம் தேறியவருக்கு வளாகத்திலேயே வாய்ப்பு இருக்கிறது. அதற்குள் முடியாதவர்களுக்கு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை போன்ற இடங்களின் தொழிற்சாலைகளும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்துதரும் சிறு பட்டறைகளும் இருக்கின்றன. சிறு பட்டறையில் கணினியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரத்தின் பக்கத்தில் ஓராண்டு நின்றவரின் பேச்சே நேர்காணலில் தனியாகத் தெரியும்.

டிப்ளமோ முடித்து வந்தவர்கள் தம் கையில் ஏற்கெனவே ஒரு தகுதி இருப்பதை மறந்துவிடுகிறார்கள். டிப்ளமோ பயிற்சியாளர் பணியிடங்களுக்கும், இளநிலைப் பொறியாளர் தேர்வுகளில் டிப்ளமோ போதுமான பதவிகளுக்கும் அவர்கள் இன்றே விண்ணப்பிக்கலாம். தேசியத் தொழிற்பழகுநர் திட்டத்தில் டிப்ளமோ, பட்டம் இரண்டுக்கும் இடமுண்டு. இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இயங்குகிறது.

அரசுத் தேர்வை நினைப்பவர்களுக்கு ஒரு நுட்பம்: டி.என்.பி.எஸ்.சி.யில் அறிவிக்கை வெளியாகும் நாளில் கல்வித் தகுதி கையில் இருக்க வேண்டும். ஒரே ஒரு அரியர் நின்றாலும் குரூப் 2-க்கு விண்ணப்பிக்க முடியாது. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும். அதில் 200 வினாக்கள், 300 மதிப்பெண். பாதி தமிழ், அதில் குறைந்தது 60 மதிப்பெண் எடுத்தால்தான் மீதியைத் திருத்துவார்கள். பொறியியல் மாணவர்கள் கணக்குப் பகுதியை நம்பி இறங்கித் தமிழில் கோட்டைவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சான்றிதழ் சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. தமிழ்நாடு அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன், ஐ.ஐ.டி.களின் இணையவழிப் பாடங்களான என்.பி.டி.இ.எல். இரண்டும் நல்லவையே, ஆனால் பன்னிரண்டு சான்றிதழ்களை அடுக்கியவரைவிட, விடுதியின் தண்ணீர் மோட்டார் அடிக்கடி ஏன் எரிகிறது என்று ஆராய்ந்து நான்கு பக்கம் எழுதிய மாணவரிடம்தான் நேர்காணல் செய்தவர் அரை மணி நேரம் பேசினார்.

வீட்டில் சொல்வது

மறைப்பது கடனைவிட வேகமாக வட்டி போடும். 'பாஸாயிட்டேன்' என்று மூன்று பருவங்கள் சொல்லிவிட்டுப் பட்டமளிப்பு நாளில் மாட்டிக்கொள்பவர்களைவிட, காகிதத்தோடு போய் உட்காருபவர்களுக்குத் திட்டு குறைவாகவே விழுகிறது. என்னிடம் வந்த மாணவரோடு ஒருமுறை ஒத்திகை பார்த்தோம். "அப்பா, ஆறு பேப்பர் நிக்குது. ஏப்ரல்ல மூணு எழுதுறேன், நவம்பர்ல மூணு. இந்த மூணுக்கு 45 எடுத்தா போதும், இதுக்குத்தான் 54 வேணும்." அவர் தந்தை பேருந்து நடத்துநர்; மகன் நீட்டிய காகிதத்தை இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, "54 வேணும்னு போட்டிருக்கியே, அதை ஏன் முதல்ல எழுதுற? கடைசியில வை" என்றாராம். சரியான யோசனை, நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

கல்விக் கடன் வாங்கியிருந்தால் அதையும் அப்போதே பேசிவிடுங்கள். வழக்கமான வங்கித் திட்டத்தில் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை தொடங்காது. படிப்பு நீண்டால், கிளை மேலாளரை முன்கூட்டியே பார்த்து எழுத்தில் நீட்டிப்புக் கேட்கலாம். தவணை தவறிய பிறகு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. அரியர் தாள்களுக்குப் பதிவு தானாக நடக்காது. ஒவ்வொரு முறையும் கல்லூரி வழியாகப் பதிந்து கட்டணம் கட்ட வேண்டும். படித்து முடித்துத் தயாராக இருந்த இருவர், அறிவிப்புப் பலகையைப் பார்க்காமல் ஆறு மாதம் இழந்தார்கள். கட்டணம் கட்டும் கடைசி நாளைத் தேர்வுப் பிரிவில் இன்றே கேட்டு, அந்தக் காகிதத்தின் தலைப்பில் சிவப்பு மையில் எழுதிவிடுங்கள்.