முதல் நெடுந்தொலைவு ட்ரையத்லான்: ஓட்டத்தின் முடிவு சைக்கிளிலேயே தெரிந்துவிடும்

முழுத்தொலைவு ட்ரையத்லான் என்பது 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அவை இரண்டும் முடிந்தபின் 42.2 கிலோமீட்டர், அதாவது ஒரு முழு மாரத்தான். ஹவாயின் ஓவாஹு தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த ஒரு கடல் நீச்சல் போட்டியையும் தீவைச் சுற்றும் சைக்கிள் பாதையையும் ஹொனலூலு மாரத்தானையும் ஒரே நாளில் அடுத்தடுத்துச் செய்தால் என்ன என்று ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி முன்வைத்த யோசனையிலிருந்து வந்தவை இந்தத் தொலைவுகள். 1978 பிப்ரவரியில் நடந்த முதல் பந்தயத்தில் 15 பேர் இறங்கி 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடங்கள் ஆயின. அன்று ஓட்டம் தொடங்கும்போது முன்னணியில் இருந்தவர் ஜான் டன்பார். அவருக்குத் துணையாக வந்தவர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய் அவர்கள் பீரை நீட்டியதும், அவர் இரண்டாமிடத்துக்கு இறங்கியதும் இந்த விளையாட்டில் எல்லோரும் சொல்லும் கதை. கேட்க வேடிக்கையாக இருந்தாலும், முதன்முறை இறங்குபவர் பிடித்துக்கொள்ள வேண்டிய செய்தி அதில்தான் இருக்கிறது. உள்ளே போகும் உணவும் நீரும், சைக்கிளில் அடக்கி வைக்கும் வேகமும் சரியாக இருந்தால் மற்ற குறைகளோடும் இந்தப் பந்தயத்தை முடித்துவிடலாம்.

பெயர் கொடுப்பதற்கு முன் அந்தந்தப் பந்தயத்தின் காலக்கெடுவைப் படித்துவிடுங்கள். பல முழுத்தொலைவுப் பந்தயங்களில் மொத்தம் 17 மணி நேரமும், நீச்சலுக்கு 2 மணி 20 நிமிடங்களும் தரப்படுகின்றன. சைக்கிளை முடிக்கவும் தனிக் கெடு உண்டு. நீச்சல் கெடுவைக் கணக்கிட்டுப் பார்த்தால் 100 மீட்டருக்கு 3 நிமிடம் 40 நொடி ஆகிறது. நிதானமாக நீந்தத் தெரிந்தவருக்கு அது தாராளமான நேரம்தான். இருந்தாலும் இதில் பாதியான 1.9, 90, 21.1 கிலோமீட்டர் பந்தயம் ஒன்றை முன்பே முடித்திருப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் சைக்கிளிலிருந்து இறங்கி ஓடுவது எப்படி இருக்கும் என்பதைக் குறைந்த செலவில் கற்றுத்தரும் பள்ளி அதுவே. மருத்துவப் பரிசோதனையையும், குறிப்பாக இதயப் பரிசோதனையையும், பயிற்சி தொடங்கும் முன்பே செய்துகொள்ளுங்கள். ட்ரையத்லானில் நேரும் மரணங்களில் பெரும்பகுதி நீச்சல் கட்டத்தில் நேர்பவை என்பதும், அவற்றில் பல வெளியே தெரியாத இதயக் கோளாறோடு தொடர்புடையவை என்பதும் மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன.

ஓரளவு நீந்தவும் சைக்கிள் ஓட்டவும் ஓடவும் தெரிந்தவருக்கு ஆறு முதல் எட்டு மாதப் பயிற்சி போதும். தொடக்கத்தில் வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரமும், உச்ச வாரங்களில் 12 முதல் 15 மணி நேரமும் ஒதுக்க முடியுமா என்று வீட்டாரையும் வேலையையும் வைத்துக்கொண்டு நேர்மையாகக் கணக்கிடுங்கள். அந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி சைக்கிளுக்குப் போக வேண்டும். மூன்று வாரம் சுமையை ஏற்றி, நான்காவது வாரம் குறைக்கும் முறை பெரும்பாலோருக்குப் பொருந்துகிறது. வாரத்தின் பெரும்பகுதிப் பயிற்சி, பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியங்களில் பேச முடிகிற மெதுவான வேகத்தில் இருக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் இதை நம்ப மறுத்து, எல்லா நாளும் மூச்சிரைக்க ஓடிவிட்டு மூன்றாம் மாதம் முழங்கால் வலியோடு உட்காருகிறார்கள். நீண்ட ஓட்டத்தை இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டியதில்லை. அதற்கு மேல் கிடைக்கும் பலனைவிடக் காயத்தின் அபாயமும் மீள ஆகும் நாள்களும் அதிகம். நீண்ட சைக்கிள் பயணத்தையோ ஐந்து, ஆறு மணி நேரம் வரை கொண்டுபோகலாம். அது முடிந்த கையோடு ஷூவை மாற்றிக்கொண்டு 20 முதல் 40 நிமிடம் ஓடும் ‘ப்ரிக்’ பயிற்சியை வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ செய்தால் தொடை மரத்துப்போன அந்த முதல் சில நிமிடங்கள் பழகிவிடும்.

நீச்சலைக் குளத்தில் மட்டும் பழகிவிட்டுப் பந்தயத்துக்குப் போகாதீர்கள். திறந்த நீரில் தரையில் கோடு கிடையாது, சுவர் கிடையாது, பக்கத்தில் நீந்துபவரின் கை முகத்தில் படும். ஆறு முதல் பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை, முதலை போலக் கண் மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே எழும்படி தலையைத் தூக்கி மிதவையைப் பார்த்துவிட்டு, உடனே பக்கவாட்டில் மூச்சை எடுத்துத் தலையை இறக்க வேண்டும். தலையை முழுவதும் தூக்கினால் இடுப்பு தாழ்ந்து வேகம் நின்றுவிடும். பாதுகாப்புக்கு ஆள் இல்லாமல் இந்தப் பயிற்சிக்கு ஒருபோதும் தனியே போகாதீர்கள். உடலோடு ஒட்டிய ரப்பர் நீச்சல் உடையான வெட்சூட் அணியும் பந்தயம் என்றால் அதை அணிந்தே பலமுறை நீந்திப் பாருங்கள், ஏனெனில் மார்பை இறுக்கும் அந்த உணர்வே சிலருக்குப் பதற்றத்தைக் கிளப்பிவிடுகிறது. இத்தகைய பந்தயங்களை நடத்தும் அயர்ன்மேன் அமைப்பின் விதிகளின்படி நீரின் வெப்பம் 24.5 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் வயதுப்பிரிவுப் போட்டியாளர்கள், அதாவது தொழில்முறை வீரர் அல்லாதவர்கள், தடையின்றி அதை அணியலாம். மற்ற அமைப்புகளின் எல்லை சற்று வேறுபடும்.

சைக்கிளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை, உடலுக்குப் பொருந்திய சைக்கிள் தேவை என்பதுதான். இருக்கையின் உயரத்தையும் கைப்பிடியின் தூரத்தையும் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளும் செலவு, இலேசான சக்கரங்கள் வாங்கும் செலவைவிடப் பலமடங்கு பயன் தரும். பஞ்சர் ஆன பின்சக்கரத்தைக் கழற்றி டியூபை மாற்றி மீண்டும் பூட்டும் வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்கு வீட்டிலேயே பழகுங்கள். சங்கிலியைச் சிறிய பல்சக்கரத்துக்கு இறக்கிவிட்டுச் சக்கரத்தை எடுப்பது, டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளோ கண்ணாடித் துணுக்கோ மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது, புது டியூபில் கொஞ்சம் காற்றேற்றி உருண்டையாக்கிய பிறகே டயருக்குள் நுழைப்பது, டயரின் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையில் டியூப் மாட்டவில்லை என்று சுற்றிலும் பார்த்த பிறகே முழுக் காற்றை ஏற்றுவது என்ற வரிசையில் ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்த டியூபும் போய்விடும். இரண்டு டியூப், டயர் நெம்பி, சிறு பம்பு ஆகியவை கட்டாயம் உடன் இருக்கட்டும்.

இனி வேகம். 180 கிலோமீட்டரை மணிக்கு 26 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் 6 மணி 55 நிமிடம் ஆகும். 28 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் 6 மணி 26 நிமிடம். ஏறக்குறைய அரை மணி நேரம் மிச்சம். ஆனால் அந்தக் கூடுதல் உழைப்பால் மாரத்தானின் கடைசி 20 கிலோமீட்டரை, கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்ற ஓட்டத்துக்குப் பதிலாக 10 நிமிடம் என்ற நடையில் கடக்க நேர்ந்தால் போவது முழுதாக ஒரு மணி நேரம். நான் அறிந்தவரை முதல் பந்தயங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். மிதிக்கும் சக்தியைக் காட்டும் கருவியான சக்தி அளவி வைத்திருப்பவர்கள் எஃப்டிபி எனப்படும், ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச சக்தியளவில் 65 முதல் 70 சதவீதத்துக்குள் நின்றுகொள்ளுங்கள். மேட்டிலும் அதைப் பெரிதாகத் தாண்டாதீர்கள். அளவி இல்லாதவர்கள் பேச்சு வருகிறதா என்று பார்த்தாலே போதும். முதல் 60 கிலோமீட்டரில் பலர் உங்களைத் தாண்டிப் போவார்கள். போகட்டும், அவர்களில் பாதிப் பேரை ஓட்டத்தில் சந்திப்பீர்கள்.

உணவை நான்காவது விளையாட்டு என்று சொல்வது வழக்கம். உண்மையில் முதல் மூன்றும் அதைச் சார்ந்தே இருக்கின்றன. உடலில் சேமித்துவைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் சில மணி நேர உழைப்புக்கே தாங்கும் என்பதால், சைக்கிளில் மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். 60 கிராமுக்கு மேல் போக நினைத்தால் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்ததாகத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் இவ்விரண்டும் குடலில் வெவ்வேறு வழிகளில் உறிஞ்சப்படுகின்றன. மணிக்கு 70 கிராம் என்று வைத்தால் ஏழு மணி நேரத்துக்கு 490 கிராம். பொட்டலத்தில் வரும் இனிப்புக் கூழான ஜெல் ஒன்றில் 22 முதல் 25 கிராம் என்றால் ஏறக்குறைய இருபது ஜெல்லுக்குச் சமம். பழகாத வயிற்றில் பந்தய நாளன்று இதைக் கொட்டினால் குமட்டலும் வயிற்றுப்போக்கும்தான் மிஞ்சும். அதனால் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே ஒவ்வொரு நீண்ட பயணத்திலும் 40 கிராமில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிவாருங்கள். பந்தயப் பாதையில் எந்த நிறுவனத்தின் ஜெல்லும் பானமும் தரப்போகிறார்கள் என்று கேட்டறிந்து அதையே பயிற்சியிலும் பயன்படுத்திப் பாருங்கள். பசி எடுத்த பிறகு சாப்பிடுவது என்பது இங்கே காலங்கடந்த செயல்; கடிகாரத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு மணியை வைத்துக்கொண்டு, அது அடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் விழுங்குங்கள்.

நீரின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது, இடையில் குடித்ததையும் அதனோடு கூட்டிக்கொள்ளுங்கள். போனது முழுவதையும் ஈடுகட்ட வேண்டியதில்லை. மாறாக எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடிக்கிறீர்கள். இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குத் தாழ்வது பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது. ஐபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகளைப் பந்தயத்தின்போது எடுக்காதீர்கள், நீரிழப்பு இருக்கும் உடலில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

விதிமுறைகளில் முதன்முறை வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. ட்ரான்சிஷன் எனப்படும் மாறுமிடத்தில் சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்கும் முன்பே ஹெல்மெட்டின் பூட்டு மாட்டப்பட்டிருக்க வேண்டும். திரும்ப வந்து சைக்கிளைத் தாங்கியில் வைத்த பிறகே அதைக் கழற்றலாம். ஏறும் கோட்டுக்கு முன் ஏறுவதும், இறங்கும் கோட்டைத் தாண்டி இறங்குவதும் தவறு. நீச்சலில் ஒருவர் பின்னால் ஒட்டி நீந்தலாம், சைக்கிளில் அப்படிச் செய்தால் அது டிராஃப்டிங். பல பந்தயங்களில் முன்சக்கரத்துக்கும் முன்சக்கரத்துக்கும் இடையே 12 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். அந்த எல்லைக்குள் நுழைந்தால் 25 நொடிக்குள் தாண்டிவிட வேண்டும், இல்லையேல் ஐந்து நிமிடம் நிறுத்திவைப்பார்கள். காதில் இசைக்கருவி கூடாது, வெளியாள் உதவியும் கூடாது. நேரம் பதியும் சிப்பை இடது கணுக்காலில் கட்டுங்கள். வலப்பக்கம் சங்கிலி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் நாள் நடக்கும் விளக்கக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள்.

கடைசி இரண்டு மூன்று வாரங்களில் பயிற்சியின் அளவைப் பாதிவரை குறைத்து, தீவிரத்தைக் கொஞ்சம் மட்டும் தக்கவைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள்களில் கால் கனப்பதும், இல்லாத நோயெல்லாம் இருப்பதாகத் தோன்றுவதும் வழக்கமானவை. விட்ட பயிற்சியைப் பிடித்துவிடலாம் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். புது ஷூவுக்கும் புது உடைக்கும் புது உணவுக்கும் இது நேரமல்ல. பந்தயக் காலையில் தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பே பழகிய, நார்ச்சத்துக் குறைந்த உணவைச் சாப்பிட்டுவிட்டு, அக்குள், கழுத்து, தொடை இடுக்கு ஆகிய உராயும் இடங்களில் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள். மாறுமிடத்தில் நீச்சலிலிருந்து வரும் வழியாக ஒருமுறை நடந்து, உங்கள் சைக்கிள் எத்தனையாவது வரிசை என்று நிலையான ஒரு பொருளை வைத்து அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் சைக்கிளின் நிறத்தை நம்பினால், நீங்கள் வரும்போது அது போய்விட்டிருக்கும்.

நீரில் கூட்டத்தின் ஓரத்திலோ பின்னாலோ நின்று தொடங்குங்கள். மூச்சு முட்டினால் மல்லாந்து மிதந்து நீளமாக வெளிமூச்சு விடுங்கள். தேவைப்பட்டால் கையை உயர்த்திப் படகைப் பிடித்துக்கொள்ளலாம், படகு உங்களை முன்னே நகர்த்தாதவரை அது தகுதிநீக்கம் ஆகாது. சைக்கிளில் முதல் கால் மணி நேரம் தண்ணீர் மட்டும் பருகிவிட்டு, இதயத் துடிப்பு இறங்கியதும் சாப்பாட்டைத் தொடங்குங்கள். ஓட்டத்தின் முதல் மூன்று கிலோமீட்டர் ஏமாற்றும்: வேகமாகச் சுழன்று பழகிய கால் உங்களை அறியாமல் இழுத்துக்கொண்டு போகும், கடிகாரத்தைப் பார்த்துக் கிலோமீட்டருக்கு அரை நிமிடமாவது கூடுதலாக ஆகும்படி வேகத்தைக் குறையுங்கள். தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு உதவி நிலையத்திலும் முப்பது, நாற்பது அடி நடந்து, நின்று நிதானமாகக் குடித்துவிட்டு மீண்டும் ஓடுவது என்று திட்டமிட்டுக்கொள்ளுங்கள். களைத்த பிறகு நடக்கத் தொடங்கியவர் மீண்டும் ஓடுவது அரிது, திட்டப்படி நடந்தவருக்கு அது எளிது. முப்பதாவது கிலோமீட்டருக்கு மேல் இனிப்பு ஜெல்லைக் கண்டாலே வெறுப்பு வரும். அப்போது கோலாவும் உப்புச்சாறும் பலருக்குக் கைகொடுக்கின்றன. தலைசுற்றல், குழப்பம், வெயிலிலும் குளிர் நடுக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பந்தயத்தை விட்டு மருத்துவக் குழுவிடம் போங்கள்.

கோட்டைத் தாண்டியதும் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் மெல்ல நடங்கள், உலர்ந்த உடைக்கு மாறுங்கள். அடுத்த இரண்டு வாரம் ஓட வேண்டாம். நடையும் இலேசான நீச்சலும் போதும். மாறுமிடத்திலிருந்து சைக்கிளையும் பைகளையும் எடுக்கக் குறிப்பிட்ட நேரம் இருக்கும், கையில் கட்டிய பட்டையைக் காட்டச் சொல்வார்கள். அந்த நேரத்தில் படி இறங்குவதே பெரும்பாடாக இருக்கும் என்பதால், உங்களுக்குப் பதிலாக வேறொருவர் வந்து எடுக்க அனுமதி உண்டா, அவர் எதைக் காட்ட வேண்டும் என்பதைப் பதிவு செய்யும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.