பழைய வெற்றிப் படங்களைப் பார்த்து, நம் பார்வையில் எழுதுவது எப்படி?

பழைய வெற்றிப் படத்தைப் பற்றி எழுதுவதில் உள்ள முதல் சிக்கல், படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதைப் பற்றிய தீர்ப்பு நம் காதுக்கு வந்துவிடுவதுதான். பலரும் ‘காவியம்’ என்று சொல்லிக் கேட்ட பிறகு, நமக்குச் சலிப்பூட்டிய இடத்தைக்கூட ரசித்ததாக எழுதிவிடுகிறோம். தீர்ப்புகளோ காலத்துக்குக் காலம் மாறுபவை. ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ 1958-இல் வெளிவந்தபோது கலவையான வரவேற்பையே பெற்றது; 2012-இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழ் விமர்சகர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் அதே படம் முதலிடத்தைப் பிடித்தது. ஆகவே பிறருடைய விமர்சனங்களை, படத்தைப் பார்த்து உங்கள் குறிப்புகளை எழுதி முடித்த பிறகே படியுங்கள்.

பார்க்கும் பிரதி எது என்பதில் கவனம் தேவை. ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் ‘செவன் சாமுராய்’ (1954) முழு வடிவில் 207 நிமிடங்கள் ஓடும். வெளிநாடுகளில் அது பல ஆண்டுகள் வெட்டப்பட்ட வடிவங்களிலேயே ஓடியது. 1927-இல் வெளிவந்த ‘மெட்ரோபொலிஸ்’ என்ற ஜெர்மன் மௌனப் படத்தின் தொலைந்துபோன பகுதிகள் 2008-இல்தான் பியூனஸ் அயர்ஸில் கிடைத்தன என்பதால், அதற்கு முன் அந்தப் படத்தின் கதையோட்டத்தைக் குறை சொன்னவர்கள் ஓரளவுக்கு, படத்தை வெட்டியவர்களின் கத்தரிக்கோலைத்தான் விமர்சித்திருக்கிறார்கள். படம் ஓடும் நேரத்தை முதலில் சரிபாருங்கள். அடுத்து, சட்டகத்தைப் பாருங்கள். 1950-களின் தொடக்கம் வரையிலான பெரும்பாலான பேசும் படங்கள் ஏறக்குறைய 4:3 என்ற அகல-உயர விகிதத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றை இன்றைய அகலத் திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டியிருந்தால் நடிகர்களின் நெற்றி காணாமல் போயிருக்கும். அப்படிப்பட்ட பிரதியை வைத்துக்கொண்டு ஒளிப்பதிவைப் பற்றி ஒரு வரிகூட எழுதக் கூடாது.

முதல் தடவை பார்க்கும்போது கையில் பேனா வேண்டாம். படம் முடிந்த உடனேயே, நினைவில் தங்கிய ஐந்தாறு இடங்களைத் துண்டுத் துண்டாக எழுதி வையுங்கள்: எங்கே சிரித்தீர்கள், எங்கே கைப்பேசியை எடுக்கத் தோன்றியது, எந்தப் பாத்திரத்தின் மீது காரணம் புரியாமல் எரிச்சல் வந்தது. உங்கள் விமர்சனத்தின் மூலப்பொருள் இதுதான். இரண்டாம் தடவை அந்த இடங்களுக்கு மட்டும் திரும்பிச் சென்று, நிமிடக் கணக்கைக் குறித்துக்கொண்டு, அந்த உணர்ச்சியைத் திரையில் எது உண்டாக்கியது என்று தேட வேண்டும்.

ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில், நாகேஷ் தாம் எடுக்கப்போகும் படத்தின் திகில் கதையை பாலையாவுக்குச் சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை பார்க்கும்போது கண் நாகேஷைத்தான் துரத்தும்; குரலை ஏற்றி இறக்கி, வாயாலேயே சத்தங்களை எழுப்பி அவர் காட்டும் வித்தை அப்படி. இரண்டாம் முறை பாலையாவை மட்டும் பாருங்கள். கதையில் வரும் எதுவும் திரையில் காட்டப்படுவதில்லை. அவர் முகத்தில் அச்சம் படிப்படியாக ஏறுவதால்தான் அந்தக் கதை நமக்கும் நிகழ்கிறது. மூன்றாம் முறை ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால், கேட்பவரின் நடிப்பு எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்பது இன்னும் தெளிவாகும். ‘நாகேஷின் நகைச்சுவை அபாரம்’ என்று எழுதுவதற்கும், ‘இந்தக் காட்சியின் பாதி வெற்றி கேட்பவருடையது’ என்று எழுதுவதற்கும் உள்ள தொலைவே விமர்சனம் என்பது என் கருத்து.

படம் உருவான காலத்தின் கட்டுப்பாடுகளை ஓரளவு தெரிந்துகொள்வது நல்லது. ஹாலிவுட்டில் 1934 முதல் கண்டிப்பாகப் பின்பற்றப்பட்டு 1968-இல் கைவிடப்பட்ட தணிக்கை விதிகள், குற்றவாளி தண்டனையின்றித் தப்புவதை அனுமதிக்கவில்லை; அக்காலப் படம் ஒன்றின் முடிவு திடீரென்று ஒழுக்கப் பாடமாகத் திரும்பினால், இயக்குநரைக் குறைகூறுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம். அதற்காக எல்லாவற்றையும் ‘அந்தக் காலம் அப்படி’ என்று மன்னித்துவிடவும் கூடாது. நாயகன் நாயகியை அறையும் காட்சி உங்களை உறுத்தினால், உறுத்தியது என்றே எழுதுங்கள். அந்தக் காட்சியைப் படம் எந்தத் தொனியில் வைத்திருக்கிறது, பின்னணி இசை யார் பக்கம் நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால் அது வெறும் கோபமாக நின்றுவிடாது.

சொந்த நினைவுகளுக்கும் ஓர் அளவு உண்டு. சிறுவயதில் யாருடன் பார்த்தோம் என்பது, படத்தின் ஏதேனும் ஒரு கூறை விளக்கினாலொழிய, ஒரு வாக்கியத்தைத் தாண்ட வேண்டியதில்லை. கதைச் சுருக்கத்தை ஒரே பத்தியில் முடித்துவிடுங்கள். வசனத்தை நினைவிலிருந்து மேற்கோள் காட்டாமல், படத்தை ஓடவிட்டுக் கேட்டு எழுதுங்கள்: ‘கசாபிளாங்கா’வில் (1942) வருவதாக உலகமே நம்பும் ‘மறுபடியும் வாசி, சாம்’ என்ற வசனம் அதே வடிவில் அந்தப் படத்தில் எங்கும் பேசப்படுவதில்லை. ‘காலத்தால் அழியாத’ போன்ற தொடர்கள் வந்து விழுந்தால் அடித்துவிடுங்கள். அவற்றை எந்தப் படத்துக்கும் ஒட்டலாம்.

எத்தனை ஆண்டுகள் ஆனாலும் ஒரு படத்தை முதல்முறையாகப் பார்க்கப்போகிறவர் இருந்துகொண்டேதான் இருப்பார். பாடல்களே இல்லாமல் 1954-இல் வெளிவந்த ‘அந்த நாள்’ கொலையோடுதான் தொடங்குகிறது என்பதால் அதைத் தாராளமாகச் சொல்லலாம்; கொலையாளி யார் என்பதைச் சொல்லக் கூடாது. முடிவைத் தொடாமல் பேசவே இயலாத படம் என்றால், அந்தப் பகுதியைக் கட்டுரையின் கடைசிக்குத் தள்ளி, அதற்கு முன் ஒரு வரியில் எச்சரித்துவிடுங்கள்.