பழைய பாய்ப்படகுக்குக் காப்புறுதி எடுக்கும் முன்

காரைநகர்ப் பக்கமோ வல்வெட்டித்துறையிலோ இருபது வயது கடந்த பாய்ப்படகு வைத்திருப்பவர் காப்புறுதிக்குப் போனால், கம்பனி பெரும்பாலும் முதலில் கேட்பது சர்வே அறிக்கையைத்தான், அதாவது படகுகளைப் பரிசோதிக்கும் சர்வேயர் படகின் நிலையைப் பார்த்து எழுதுவது. அதுவும் படகைக் கரையேற்றிப் பார்த்து எழுதிய அறிக்கை.

கரையேற்றுவதை ஒக்டோபர் மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள், ஈரத்தில் படகு காயாது. பைபர் படகென்றால் சர்வேயர் ஈரம் அளக்கும் மீற்றரை வைத்துப் பார்ப்பார். பாசி பிடிக்காமல் அடியில் பூசும் செம்பு கலந்த பெயின்ற் மேல் வைத்தால் அது அளவைக் கூட்டிக் காட்டும். ஆகவே அங்கங்கே பெயின்ற்றைச் சுரண்ட அவரை விடுங்கள். பிறகு பூசிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை.

பெரிய தலையிடி பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் உருக்குக் கம்பிகள்தான். வெளியே பளபளவென்று இருக்கும், முனை பொருத்திய இடத்தில் உள்ளே வெடித்திருக்கும். பத்து, பதினைந்து வருடம் தாண்டினால் பல கம்பனிகள் மாற்றச் சொல்லும். முன்பே மாற்றியிருந்தால் பில்லைத் தேடி எடுங்கள், வாய்ச்சொல் எடுபடாது.

அறிக்கையில் 'உடனே திருத்த வேண்டியவை' என்று இருப்பதைச் செய்யாமல் கடலுக்குப் போனால் நட்டஈடு மறுக்கப்படலாம். திருத்தியதும் படமும் பில்லும் அனுப்பி, கிடைத்தது என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

சரி, தொகை? 'ஒப்புக்கொண்ட பெறுமதி' என்று எழுதக் கேளுங்கள், அதாவது படகின் பெறுமதியை இரு பக்கமும் முன்பே பேசி முடித்து எழுதுவது. சந்தைப் பெறுமதி என்றிருந்தால், படகு போன பிறகுதான் பேரம் தொடங்கும்.