ஸ்லோ குக்கரில் கிழங்கும் இறைச்சியும் ஒருசேர வெந்த விதம்

திருகோணமலையில் எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறியை, குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்பானையான ஸ்லோ குக்கரில் வைப்பதுதான் வழக்கம். இறைச்சி எலும்பை விட்டுக் கழன்று வரும் பதத்தை அடைந்த பின்பும் உருளைக்கிழங்கும் கரட்டும் நடுவில் நறுக்கென்று கடிபட்டன. குழம்போ தண்ணீராக ஓடியது.

காரணம் வெப்பநிலைதான். இறைச்சியிலுள்ள கொலாஜன் என்னும் கடினமான புரதம் ஏறத்தாழ 70 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். காய்கறிகளின் கலச்சுவரிலுள்ள, கலங்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்னும் பொருளோ 85 பாகையை நெருங்கினால்தான் நெகிழும், புளி சேர்ந்தால் இன்னும் பிந்தும். ஆகையால் கிழங்கையும் கரட்டையும் சிறு துண்டுகளாக நறுக்கி, சூடு முதலில் ஏறும் அடியிலும் ஓரங்களிலும் பரப்பி, கறித்தூளுடன் வதக்கிய இறைச்சியை அவற்றின் மேல் வைத்து, புளிக்கரைசலைக் கடைசி அரைமணி நேரத்துக்கு ஒதுக்கினேன். மூடிய பானையில் நீராவி வெளியேறாமல் மீண்டும் குழம்பிலேயே சொட்டுவதால், தண்ணீரைப் பாதியாகக் குறைத்தேன். முருங்கைக்காயைக் கடைசி ஒரு மணி நேரத்தில் சேர்ப்பதே நல்லது. தேங்காயின் முதற்பாலை இறக்கும் தறுவாயில் மட்டுமே ஊற்ற வேண்டும், நெடுநேரம் கொதித்தால் அது திரைந்துவிடும். இடையிடையே மூடியைத் திறப்பதையும் வீட்டில் அடியோடு நிறுத்திவிட்டோம், ஏனெனில் இழந்த சூடு திரும்ப ஏற வெகுநேரமாகும்.

இப்போது கரண்டியால் அழுத்தினாலே கிழங்கு மாவாக உடைந்து, குழம்பையும் தடிப்பாக்குகிறது.